கழிவென்று சான்றளிக்கப்பட்ட வெங்காயம்

இறக்கக்கண்டி றம்லாவுக்கு ஒரு குணம் உண்டு. திட்டியவரை ஒரு கிழமையில் மறந்துவிடுவாள். ஏமாற்றியவரை மறக்கவே மாட்டாள். அவளுடைய புருசன் முனீப் ஓட்டோ ஓட்டுகிறவர். வீதியில் கிடக்கும் குழியை நினைவில் வைத்திருப்பதுபோல இந்தக் குணத்தையும் நினைவில் வைத்து, இருபத்தாறு வருடமாகச் சுற்றிப் போகப் பழகியிருந்தார். அப்படியொரு குழி இருப்பது திருகோணமலை நகரத்து ஓர்ஸ் ஹில்லில் இருந்த வெங்காய நிலையத்துக்குத் தெரியாது.

நிலையத்தின் முழுப் பெயர் ‘கிழக்குக் கரையோர வெங்காயக் குடும்பப் பயிர்கள் இனவிருத்தி உயர் நிலையம்’. மூன்று மொழியிலும் எழுதி முடிக்க மதில் போதாமல், அடுத்த வீட்டு மதிலிலும் ஒரு முழம் தொடர்ந்திருந்தது. மலையில் இருந்ததால் உயர் நிலையம். நாற்பத்தொரு பேர் வேலை செய்தார்கள். வளவுக்குள் ஒரு பிடி மண் கிடையாது. கீழே கருங்கல், மேலே சீமெந்து. வாசலில் இரண்டு பூச்சாடிகள் நின்றன. ஒன்றில் குரோட்டன், மற்றதில் பிளாஸ்டிக் குரோட்டன். இரண்டுக்கும் தினமும் தண்ணீர் ஊற்றியதாகப் பதிவேட்டில் ஒருவர் கையொப்பம் வைத்துக்கொண்டிருந்தார்.

பெயரில் ‘குடும்பம்’ என்று வந்துவிட்டபடியால் உள்ளிக்கும், அதாவது வெள்ளைப்பூண்டுக்கும், ஒரு பிரிவு இருந்தது. உள்ளி குளிர்நாட்டுப் பயிர். திருகோணமலை வெக்கையில் அது பூடு வைக்காது. இதை அறிந்திருந்த ஒரே ஆள் அந்தப் பிரிவின் தலைவர் றஊப். பத்தொன்பது வருடமாக அவர் ஆண்டறிக்கையில் ‘இவ்வருடமும் உள்ளி விளையவில்லை’ என்று எழுதிவந்தார். நிலையத்தின் அறிக்கைகளில் ஒருபோதும் பிழையாகாதது அது ஒன்றுதான் என்று அவருக்கு இரண்டு தடவை பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தார்கள்.

றம்லாவிடம் இருந்தது வேறு விஷயம். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் மழை விடாமல் கொட்டி, அவளுடைய அரை ஏக்கர் சின்ன வெங்காயமும் தண்ணீருக்குள் அழுகிப் போயிற்று. அழுகியதை வாரிக் கொட்டப் போனவள், பாத்தி மூலையில் ஏழு செடிகள் மட்டும் தாள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டாள். அந்த ஏழையும் கறிக்குப் போடாமல் காயவைத்துக் கட்டித் தூக்கினாள். அடுத்த மாரிக்கு நட்டாள். நின்றதை வைத்துக்கொண்டாள், விழுந்ததைக் கழித்தாள். வருடா வருடம் இதே வேலை. கழுத்து மெல்லியதாய், இறுக மூடி, சுண்டுவிரல் நுனியளவு இருப்பதுதான் விதைக்கு. கழுத்து மொத்தித்த பெரிய வெங்காயம் பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கும். தூக்கி வைத்தால் முதலில் அழுகுவது அதுதான். அது குசினிக்கு.

பதினோராம் வருடம் அவள் கையில் ஒரு வெங்காயம் இருந்தது. அது மாரி மழையில் நிற்கும். முகட்டில் தூக்கினால் ஏழு மாதம் முளைக்காமல் தொங்கும். மற்றவர்களின் தோட்டம் தண்ணீரில் கிடக்கும்போது அவளுடைய பாத்தி மட்டும் பச்சையாய் நிற்கும். ஊரில் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு அவளே விதை கொடுத்தாள். ‘றம்லா வெங்காயம்’ என்றால் குச்சவெளி வரைக்கும் தெரியும்.

ஒரு மாசி மாதத்தில் உயர் நிலையத்து வாகனம் ஒன்று பதாகை கட்டிக்கொண்டு வந்தது. பணிப்பாளர் கலாநிதி பாலசிங்கம் இறங்கினார். சப்பாத்தில் மணல் ஏறாமலிருக்க இரண்டு பலகையை மாற்றி மாற்றிப் போட்டு அவரைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். றம்லா தேத்தண்ணீர் கொடுத்தாள், தொதல் கொடுத்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். போகும்போது இரண்டு கட்டு வெங்காயமும் கொடுத்தாள். படம் எடுத்தார்கள்.

புரட்டாதியில் முனீப் ஓட்டோவுக்குள் யாரோ விட்டுப்போன பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். அதில் பாலசிங்கம் ஒரு கட்டு வெங்காயத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். ‘பன்னிரண்டு வருட அயராத ஆராய்ச்சியின் பலன்: மாரியைத் தாங்கும் பாலா சிவப்பு–1’ என்று தலைப்பு. படத்தின் பின்னால் கொடியில் முனீப்பின் சாரன் காய்ந்துகொண்டிருந்தது.

“என்ட சாரன்தான்,” என்றார் முனீப், கொஞ்சம் பெருமையாக.

“என்ட வெங்காயமும்தான்,” என்றாள் றம்லா.

மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. பதிவுசெய்யப்பட்ட இனமான பாலா சிவப்பு–1ஐத் தாங்கள் அனுமதியின்றி வைத்திருப்பதாக அறியக்கிடக்கிறது, பதினான்கு நாட்களுக்குள் தாய் வெங்காயம் முழுவதையும் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தவறின் வழக்கு. ஆதாரமாக ஒரு படம் இணைத்திருந்தார்கள். றம்லா வெங்காயத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற படம். முகத்தை வெட்டிவிட்டு, கையையும் வெங்காயத்தையும் மட்டும் விட்டிருந்தார்கள். அவளுடைய வளையலை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

மாரி தொடங்க ஆறு கிழமை இருந்தது. விதை போனால் அவளுக்கு மட்டுமல்ல, அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அந்த வருடம் பாத்தி இல்லை.

“அவங்க அரசாங்கம் புள்ள. குடுத்திட்டு விடுங்க,” என்றார் முனீப்.

“ஓட்டோவ எடுங்க. ஓர்ஸ் ஹில்லுக்குப் போவம்.”

ஒரு ‘மாதிரிக் கட்டு’ கொண்டுவரும்படியும் கடிதத்தில் இருந்ததால் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போனாள். நிலையத்தின் வாசலில் இருந்தவர் அதை ஏறிட்டுப் பார்த்தார்.

“இது என்ன?”

“வெங்காயம்.”

“அதை நீங்கள் சொல்ல ஏலாது. வெங்காயமோ இல்லையோ எண்டு குழுதான் சொல்ல வேணும். இப்போதைக்கு ‘பொருள்’ எண்டு எழுதுறன்.”

பொருளோடு றம்லாவை மேல்மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே உறைப்பு அளவிடும் குழு கூடியிருந்தது. அது செவ்வாய்க்கிழமைகளில் கூடும். ஒரு நீண்ட மேசையில் ஐந்து உத்தியோகத்தர்கள் ஆளுக்கொரு வெங்காயத்தை வெட்டி, கண்ணில் எத்தனை துளி நீர் வருகிறது என்று எண்ணி எழுத வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் வந்த தொழிற் பாதுகாப்புச் சுற்றுநிருபத்தின்படி ஐவரும் காற்றுப் புகாத கண்ணாடி அணிந்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒருவருக்கும் ஒரு துளியும் வரவில்லை. ஆகவே திருகோணமலை மாவட்டத்து வெங்காயத்துக்கு உறைப்பு அறவே கிடையாது என்று ஆறு தொகுதிகளில் அச்சிட்டிருந்தார்கள்; கொழும்பில் அதை மேற்கோள் காட்டி இரண்டு பேர் பட்டமும் வாங்கியிருந்தார்கள்.

றம்லாவின் வெங்காயத்தை வெட்டினார்கள். கண்ணாடி போடாத றம்லாவுக்கும், கதவோரம் நின்ற முனீப்புக்கும், தேத்தண்ணீர் கொண்டுவந்தவருக்கும் கண்ணால் நீர் ஓடியது. குழுத் தலைவர் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பூச்சியம்,” என்றார்.

“சேர், எங்களுக்கு வருதே,” என்றாள் றம்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“நீங்கள் குழுவில இல்லை, அம்மா.”

பொருள் வெங்காயம்தான் என்ற துண்டுச்சீட்டு கிடைக்கப் பகல் ஒரு மணியாயிற்று. இரண்டு மணிக்குப் பணிப்பாளர் அழைத்தார். அவருடைய அறை குளிரூட்டப்பட்டிருந்தது. யன்னலால் உள்துறைமுகம் முழுவதும் தெரிந்தது. கோதுமைக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. பக்கத்தில் நிருவாக உத்தியோகத்தர் ஜெயரூபி குறிப்புப் புத்தகத்தோடு இருந்தாள். பிரிவுத் தலைவர் ஒருவராவது சாட்சியாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி, வேறு வேலை இல்லாத றஊப்பையும் கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

“அம்மா, நீங்கள் கோபத்தில இருக்கிறீங்கள் எண்டு விளங்குது,” என்று பாலசிங்கம் அன்பாகத் தொடங்கினார். “இந்த வெங்காயத்தை நீங்கள் வளர்த்தனீங்கள். ஆர் இல்லையெண்டது? ஆனா உங்கட தோட்டத்தில நிக்கேக்க அது வெறும் வெங்காயம். எங்கட அலுமாரிக்குள்ள வந்தாப்பிறகுதான் அது ஒரு இனம்.”

“பதினொரு வருசம் சேர். ஒவ்வொரு மாரியும் நான்தான் பொறுக்கி எடுத்த.”

“அதுக்குப் பதிவேடு இருக்கோ?”

“பதிவேடு என்னத்துக்கு? வெங்காயம் இருக்கே.”

பாலசிங்கம் ஜெயரூபியைப் பார்த்துப் புன்னகைத்தார். “பாத்தீங்களே? இதுதான் விவசாயிகளிட்ட இருக்கிற குறை. எழுதாத வேலை செய்யாத வேலை, அம்மா. நாங்கள் இஞ்ச பத்தொன்பது வருசமா ஒண்டையும் விளைவிக்கேல்லை. ஆனா அவ்வளவும் எழுத்தில இருக்கு. நாளைக்கு ஆரும் வந்து கேட்டாலும் காட்டுவம்.”

றஊப் யன்னலால் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பரில பன்னிரண்டு வருச ஆராய்ச்சி எண்டு கிடக்கு. சேர் இங்க வந்து மூணு வருசம்தானே?”

“நல்ல கேள்வி. எனக்கு முதல் இருந்த பணிப்பாளர்மாரின்ர ஒன்பது வருசத்தையும் நான் பொறுப்பெடுத்திருக்கிறன். அவையள் செய்யாமல் விட்டதுக்கும் இப்ப நான்தானே பதில் சொல்ல வேணும்? தலைமைத்துவம் எண்டுறது அதுதான்.”

“அப்ப என்ட பேரு?”

“போட்டிருக்கு. நன்றியுரையில ஏழாவதா, ‘பிரதேச விவசாயிகள்’ எண்டு.” அவர் ஒரு தாளை முன்னால் தள்ளினார். “தை மாதம் அமைச்சர் வாறார். நிலாவெளியில காட்சித் தோட்டம் போடப்போறம். அதுக்குத் தாய் வெங்காயம் வேணும். அளவு இதில கிடக்கு. விட்டம் முப்பது மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.”

றம்லாவுக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று. விதை வெங்காயம் என்று வந்ததும் அவளுக்குள் இருந்த தோட்டக்காரிதான் பேசினாள். “அது பிழை சேர். பெரிய வெங்காயம் விதைக்கு ஆகா. கழுத்து மொத்தம், உள்ளுக்கு ஈரம். சின்னனத்தான் எடுக்கோணும். நான் பொறுக்கித் தாறன், நீங்க...”

பாலசிங்கம் கையை உயர்த்தினார். “அம்மா. இனவிருத்தி விஞ்ஞானத்தை எனக்குப் படிப்பிக்காதைங்கோ. பெரிய தாய்க்குப் பெரிய பிள்ளை. இது நேசறி வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.”

றம்லா வாயை மூடினாள். மெதுவாக, ஒரு அலுமாரிக் கதவை மூடுவதுபோல. கதவோரம் இருந்த முனீப் அதைக் கண்டுவிட்டு, ஓட்டோ ஹாண்டிலைத் தேடுகிறவர்போலக் கையால் காற்றைத் துழாவினார்.

“சரி சேர்,” என்றாள் அவள். “நீங்க படிச்சவங்க. சொன்ன அளவிலேயே எல்லாத்தையும் கொண்டுவாறன்.”

பத்தாம் நாள் முனீப் ஒரு சின்ன லொறியை வாடகைக்குப் பிடித்து, முகட்டில் தொங்கிய அவ்வளவு வெங்காயத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார். றம்லா குசினிக்கென்று ஒதுக்கிய பெரிய வெங்காயத்தையும், பக்கத்து வீடுகளில் கறிக்குக் கிடந்த பெரிய வெங்காயத்தையும்கூட விடவில்லை. நிலையத்தின் மண்டபத்தில் ஜெயரூபி ஒரு பித்தளை வளையத்தோடு காத்திருந்தாள். வளையத்தின் விட்டம் முப்பது மில்லிமீற்றர். தரநிர்ணய முத்திரை குத்தியது. நான்கு உத்தியோகத்தர்கள் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து, ஒவ்வொரு வெங்காயத்தையும் வளையத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். விழாமல் நின்றதெல்லாம் தாய். விழுந்ததெல்லாம் ஒரு மூலைக்கு. காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்று வரைக்கும் இது நடந்தது. பதினொரு வருடமாக றம்லா ஒன்றொன்றாய்க் கழித்ததையெல்லாம் அவர்கள் ஒன்றொன்றாய்ப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். பொறுக்கியெடுத்ததையெல்லாம் கழித்தார்கள்.

“இந்தச் சின்னன் எல்லாம்?” என்று றம்லா மூலையைக் காட்டிக் கேட்டாள்.

“அது கழிவு. கந்தோருக்குள்ள கழிவு வைக்க ஏலாது. நீங்கள்தான் கொண்டுபோக வேணும்,” என்றாள் ஜெயரூபி.

“வீதியில பொலிஸ் மறிச்சு, உங்கட பாலா சிவப்ப நான் களவெடுத்துக்கொண்டு போறன் எண்டு சொன்னா?”

ஜெயரூபி யோசித்தாள். நியாயமான கேள்வி; அதற்கு ஒரு படிவமும் இருந்தது. கழிவு அகற்றல் சான்றிதழ், மூன்று பிரதிகள். அவள் எழுத எழுத றம்லா பக்கத்தில் நின்று, சொல்லுச் சொல்லாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முப்பது மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை பணிப்பாளரின் நேரடி அறிவுறுத்தலின் பேரில் தெரிவுசெய்யப்பட்டன. மிகுதி கழிவு. மேற்படி பொருள் பாலா சிவப்பு–1 இனத்தைச் சார்ந்ததல்ல. இனப்பெருக்கப் பெறுமதி அற்றது. இதன்மீது நிலையத்துக்கு இன்றும் இனியும் எவ்வித உரிமையும் இல்லை. அகற்றுபவர் இதைத் தமது சொந்தக் காணியில் புதைக்க வேண்டும்.

“புதைக்கத்தான் வேணுமா, தங்கச்சி?”

“ஓம். திறந்தவெளியில கிடக்கக் கூடாது. சுகாதாரம்.”

“எவ்வளவு ஆழத்துக்கு?”

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. ஜெயரூபி பேனையைக் கடித்தாள். “ஒரு அங்குலமாவது இருக்கட்டும்.”

“ஒரு அங்குலம் காணும்,” என்றாள் றம்லா. “அப்பிடியே எழுதுங்க.”

பணிப்பாளர் கையொப்பமிட்டார். வட்ட முத்திரை, அதற்கு மேல் நீள்சதுர முத்திரை. அவர் நல்ல மனநிலையில் இருந்தார். சாக்குகளில் ஏறியிருந்த பெரிய பெரிய வெங்காயங்களைத் தட்டிப் பார்த்து, “இதுதான் சாமான்!” என்றார். “நடுகிறதுக்கு ரெண்டு மாதம் கிடக்கு. எங்கை வைக்கிறது?”

இந்த இடத்தில் றம்லா செய்ததைத்தான் முனீப் பிறகு ஒருவருக்கும் சொல்லத் துணியவில்லை. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த பணிவோடு முன்னால் வந்தாள்.

“எங்கட வீடுகள்ள முகட்டில, அடுப்புப் புகைக்க தூக்கிற சேர். ஏழை எளியவங்கட வேலை. இவ்வளவு பெரிய நிலையத்து வெங்காயத்துக்கு அது மரியாதையில்ல. இங்க குளிர் அறை ஒண்டு இருக்கு எண்டு சொன்னாங்க...”

இருந்தது. உள்ளிக்கென்று கட்டிய அறை. பத்துப் பாகைக் குளிரில் பத்தொன்பது வருடமாக வெறுமையாய் ஓடிக்கொண்டிருந்தது. பாலசிங்கத்தின் முகம் மலர்ந்தது. அந்த அறையைப் பற்றிக் கணக்காய்வில் வருடா வருடம் கேள்வி வரும்.

“பாத்தீங்களே,” என்றார் அவர் எல்லோரையும் பார்த்து. “சரியான வழிகாட்டல் இருந்தா விவசாயியும் விஞ்ஞானரீதியா யோசிப்பான்.”

சாக்குகள் குளிர் அறைக்குள் போயின. கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்த றஊப், படிக்கட்டில் றம்லாவை மறித்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தலை முழுவதும் நரைத்திருந்தது.

“தங்கச்சி, வெங்காயத்தக் குளிருக்க வெச்சு நட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுமா உங்களுக்கு?”

றம்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன் நிலாவெளியில் மீனுக்கு ஐஸ் போடும் அறையில் அவள் ஒரு பை விதை வெங்காயத்தை ஒன்றரை மாதம் வைத்து எடுத்திருந்தாள். நட்ட அவ்வளவும் பூ. கீழே வெங்காயம் இல்லை. குளிர் காலம் முடிந்ததென்று நினைத்து வெங்காயம் பூக்கப் புறப்பட்டுவிடும். அதிலும் பெரியதுதான் முதலில் புறப்படும்.

“எனக்கு என்ன தெரியும் சேர்? நான் படிக்காத மனிசி.”

“நான் படிச்சவன்,” என்றார் றஊப். “ஆறு வருசத்துக்கு முந்தி இதப் பத்தி ஒரு கடிதம் எழுதினனான். உள்ளிப் பிரிவு வெங்காயத்தப் பத்திக் கருத்துச் சொல்லக் கூடாது எண்டு விளக்கம் கேட்டாங்க.” திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “நான் ஒழுங்கான உத்தியோகத்தன். ஒண்டும் சொல்ல மாட்டன்.”

ஐப்பசி கடைசியில் இறக்கக்கண்டியில் பதின்மூன்று குடும்பங்கள் சட்டப்படி கழிவு புதைத்தன. ஒரு அங்குல ஆழம், நான்கு விரல் இடைவெளி. ஒரு நாள் நிலையத்து வாகனம் அந்தப் பக்கம் போனபோது நின்று விசாரித்தது. றம்லா சான்றிதழின் பிரதியைக் காட்டினாள். உள்ளே இருந்தவர் முத்திரையைப் பார்த்ததும், “நல்லா மூடி விடுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலாவெளியில் ஹோட்டல் ஒன்றின் பக்கத்துக் காணியில் காட்சித் தோட்டம் போட்டார்கள். நிலையத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக மண். நாற்பத்தொரு பேரும் வந்து மண்ணோடு நின்று படம் எடுத்தார்கள். மேசனிடம் மட்டப்பலகை வாங்கிப் பாத்தி கட்டி, குளிர் அறையிலிருந்து எடுத்த தாய் வெங்காயத்தை நட்டார்கள். இருபது நாள் நன்றாக வளர்ந்தது. முப்பதாம் நாள் நடுவிலிருந்து தண்டு எழும்பியது. ‘பயிர் எதிர்பார்த்ததைவிட உயரம்’ என்று ஜெயரூபி அறிக்கை எழுதினாள். ஐம்பதாம் நாள் ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் வெள்ளைப் பந்துபோல ஒரு பூ. தேனீக்கள் வந்தன. பாலசிங்கம் அதைப் பார்த்து ஒரு இரவு முழுவதும் தூங்கவில்லை என்று சாரதி சொன்னான். ஆனால் அமைச்சரின் திகதியை மாற்ற முடியாது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

தை மாதத்து விழாவுக்குப் ‘பிரதேச விவசாயிகள்’ அழைக்கப்பட்டிருந்தார்கள். றம்லா பெருநாளுக்கு வாங்கிய அபாயாவைப் போட்டு, அத்தர் பூசி, கைப்பையோடு முன்வரிசையில் போய் இருந்தாள்.

அமைச்சர் கொழும்பிலிருந்து வந்தவர். சிங்களத்தில் பேசினார், ஒருவர் தமிழில் சொன்னார். “எனக்கு விவசாயம் தெரியாது. அதனால்தான் இந்த அமைச்சை என்னிடம் தந்தார்கள். தெரிந்தவர்களுக்குப் பக்கச்சார்பு வந்துவிடும்.” எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் தோட்டத்தைக் கண்டு மகிழ்ந்துபோனார். “எவ்வளவு அழகு! வெங்காயம் இவ்வளவு அழகென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!” பூக்களுக்கு நடுவில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். பாலசிங்கத்துக்கு உயிர் திரும்பி வந்தது. இது நிலையத்தின் பன்னிரண்டு வருட உழைப்பு, ஒவ்வொரு பூவும் எங்கள் உத்தியோகத்தர் ஒருவரின் வியர்வை என்று ஒலிவாங்கியில் சொன்னார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ‘முதல் அறுவடை’. அமைச்சருக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். அவர் ஒரு பூவின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். தண்டு வந்தது. அடியில் நாலு வேர். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை இழுத்தார். தண்டு, நாலு வேர். மூன்றாவதை இழுத்துவிட்டு ஏதோ கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியில் சொன்னார்: “வெங்காயம் எங்கே என்று அமைச்சர் கேட்கிறார்.”

பந்தலுக்குள் முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு ஊரே சிரித்தது. தொலைக்காட்சிக்காரர்கள் கிட்ட வந்தார்கள். பாலசிங்கம் முன்வரிசையில் றம்லாவைக் கண்டார்; கண்டதும் பிடிக்க ஒரு கொம்பு கிடைத்ததுபோல விரலை நீட்டினார்.

“இந்த அம்மாதான் விதை தந்தவ! கூடாத விதையைத் தந்து ஏமாத்திப்போட்டா!”

இந்த ஒரு வசனத்துக்காக றம்லா நான்கு மாதம் காத்திருந்தாள். அவசரப்படாமல் எழும்பினாள். கைப்பையைத் திறந்தாள்.

“அப்ப பன்னிரண்டு வருசமா நீங்க செஞ்ச விதையில்லையா சேர் இது? நானா தந்தனான்?” என்று பந்தலின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். தாளை எடுத்து ஜெயரூபியிடம் நீட்டினாள். “எனக்கு வாசிக்க ஏலா தங்கச்சி, கண்ணாடி கொண்டுவரல்ல. நீங்க எழுதின, நீங்களே வாசிங்க. அமைச்சருக்கு விளங்க, மெதுவா.”

ஜெயரூபி பணிப்பாளரைப் பார்த்தாள். கமராவைப் பார்த்தாள். எழுத்து தன்னுடையது. வாசித்தாள். முப்பது மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை பணிப்பாளரின் நேரடி அறிவுறுத்தலின் பேரில் தெரிவுசெய்யப்பட்டன. மிகுதி கழிவு. ஒவ்வொரு வரிக்கும் மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை விழுந்தது.

“அந்தக் கழிவு இப்ப எங்கே?” என்று அமைச்சர் கேட்டார்.

றம்லா திரும்பிப் பார்த்தாள். முனீப் பந்தலுக்கு வெளியே ஓட்டோவைத் திறந்தார். பின்சீற் நிறைய அன்று காலை பிடுங்கிய வெங்காயம், தாளோடு, கட்டுக் கட்டாக. முதல் கட்டை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

விசாரணைக் குழு ஏழு பேர். இரண்டு மாதம் கூடி, வெங்காயம் எதிர்பார்த்தபடி ஒத்துழைக்கவில்லை என்று கண்டுபிடித்தது. கூடவே ஒரு சிபாரிசும் செய்தது: பாலா சிவப்பு–1 உண்மையில் இருக்கிறதென்று காட்ட, பணிப்பாளர் வைகாசி முடிவதற்குள் பத்துக் கிலோ நல்ல விதை வெங்காயம் சமர்ப்பிக்க வேண்டும், இல்லையேல் மலைநாட்டு லீக்ஸ் நிலையத்துக்கு இடமாற்றம். அங்கே ஒரு கட்டிலும் ஒரு லாந்தரும்தான் உண்டு என்று கதை.

சித்திரையில் ஒரு காலை, பாலசிங்கம் நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கி, மணலில் கால் புதையப் புதைய றம்லாவின் தோட்டத்துக்கு நடந்து வந்தார். வாகனம் இல்லை, பலகை இல்லை. றம்லா வரப்பில் இருந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பத்துக் கிலோ தந்தாக் காணும், அம்மா,” என்றார் அவர். “எனக்கு மூட்டு வருத்தம். குளிர் ஏலாது.”

முனீப் அவளுடைய காதுக்குள், “பாவம் புள்ள,” என்றார்.

“பாவம்தான்,” என்றாள் றம்லா. பத்துக் கிலோவை நிறுத்து ஒரு பையில் போட்டு பாலசிங்கத்தின் கையில் கொடுத்தாள். அவருடைய கண் கலங்கிவிட்டது. “எனக்கு ஒரு ஆசை சேர்,” என்றாள் அவள். “இவ்வளவு காலம் வெங்காயத்தப் பத்திக் கதைச்சீங்க. ஒரு நாளும் நட்டு நான் காணல்ல. அந்தா அந்தப் பாத்தி சும்மா கிடக்கு. ஒருக்கா நட்டுக் காட்டுங்களேன்.”

மறுக்கிற நிலையில் அவர் இல்லை. களிசானை மடித்துவிட்டு, கையிலிருந்த பையை அவிழ்த்து வெயிலில் குந்தினார். முதல் வரிசையைத் தலைகீழாய் நட்டார். றம்லா கிண்டி எடுத்துத் திருப்பி நடச் சொன்னாள். இரண்டாம் வரிசை ஆழம். மூன்றாம் வரிசை கோணல். பதினொரு மணிக்கு அவருடைய முதுகு நிமிர மறுத்தது. பன்னிரண்டுக்கு விரல் நுனி தோல் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் வந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அவருக்கு அது இன்னும் கடினமாக இருந்தது. பின்னேரம் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது கடைசி வெங்காயமும் மண்ணுக்குள் போயிற்று. பை வெறுமையாயிற்று.

பாலசிங்கம் மெல்ல மெல்ல எழும்பி நின்றார். முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. “சரி அம்மா. நட்டுக் காட்டிப்போட்டன். இனி என்ர பத்துக் கிலோவைத் தாங்கோவன்.”

“காலையிலயே தந்திட்டன் சேர்,” என்றாள் றம்லா. “நீங்கதான் என்ட நிலத்துக்க நட்டுட்டீங்க.”

அவர் பாத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எந்த விதியின் கீழ் இதைத் திருப்பிக் கேட்கலாம் என்று தோல் போன விரல்களை விட்டு எண்ணத் தொடங்கினார்.

றம்லா கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டாள். வாய்க்கால் வழியே தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, பாத்தி வாயில் ஒரு கணம் தயங்கி, உள்ளே புகுந்தது.

“ஒதுங்குங்க சேர்,” என்றாள் அவள். “விதைக்குத் தண்ணி போகோணும்.”